வெனிவெல் கட்டையிலிருந்து பெர்பெரினைப் பிரித்தெடுப்பது

அந்த மஞ்சள் தண்ணீரை நான் சிங்கில் கொட்டிவிட்டேன். இறுதியாண்டு ஆய்வுக்காக வெனிவெல் கட்டையிலிருந்து அல்கலொயிட், அதாவது செடிகளில் இருக்கும் நைதரசன் கொண்ட சேர்வை, பிரித்துக்கொண்டிருந்த காலம். அல்கலொயிட் என்றால் இப்படித்தான் என்று படித்திருந்ததை அப்படியே செய்தேன்: சாற்றை அமிலத்தில் கரைத்து, அமோனியா விட்டுக் காரமாக்கி, பிரிபுனலில் குளோரோபோமோடு மூன்று தடவை குலுக்கி, அடியில் இறங்கிய குளோரோபோமை எடுத்துக்கொண்டு மேலே நின்ற தண்ணீரைக் கொட்டினேன். குளோரோபோமை ஆவியாக்கிப் பார்த்தால் குடுவையின் அடியில் பழுப்பாக ஒரு பூச்சுதான் இருந்தது, நாற்பது மில்லிகிராம்கூடத் தேறவில்லை. நூறு கிராம் கட்டையின் சத்து முழுக்க சிங்கின் வெள்ளைப் பீங்கானில் மஞ்சள் கறையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

மூலிகையிலிருந்து செயற்படு பொருளைப் பிரிக்கப் போகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது அதிலிருந்து வந்ததுதான். கணக்கு முடியும்வரை எதையும் கொட்டாதீர்கள். எடையின் கணக்கு ஒன்று, செயற்பாட்டின் கணக்கு இன்னொன்று. இரண்டும் எப்படி என்று கீழே வருகிறது.

வெனிவெல்லை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. கொழும்பில் தடிமன் காய்ச்சல் வந்த வீட்டில் கொத்தமல்லியோடு வெனிவெல் துண்டு போட்டு அவிக்காத அம்மா குறைவு. தமிழில் மரமஞ்சள், சிங்களத்தில் வெனிவெல்கெட்ட, தாவரவியல் பெயர் கொசினியம் ஃபெனெஸ்ட்ரேட்டம். சீந்தில் கொடியின் குடும்பம்தான் இதுவும். உள்ளே இருக்கும் முக்கியமான சேர்வை பெர்பெரின், அதற்குப் பக்கத்தில் பால்மட்டின், ஜட்ரோரைசின் என்று இரண்டு சொந்தக்காரர்கள். எல்லாமே மஞ்சள் நிறம் என்பதால் சேர்வை எங்கே போகிறது, எங்கே தங்குகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்காது. இன்னொன்று, சில செடிகளில் ஒரு கிலோ இலையை அரைத்தாலும் சில மில்லிகிராம்தான் மிஞ்சும், இதில் கிராம் கணக்கில் கிடைக்கும்.

கட்டையை வாங்கும்போது

புறக்கோட்டை கெபோஸ் லேனுக்குப் போனால் நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கும். நான் வழக்கமாகப் போகும் கடையில் முதலாளி கேட்பார், "தூளா வேணுமா தங்கச்சி, கட்டையா வேணுமா?" எப்போதும் கட்டை என்றே சொல்லுங்கள். தூளில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, கட்டை தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். குறுக்காக வெட்டிய முகத்தைப் பாருங்கள்: பசுமஞ்சள் நிறத்தில், நடுவிலிருந்து விளிம்புவரை மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போலக் கோடுகள் ஓடும். நாக்கில் தொட்டால் கசப்பு உடனே ஏறும், போக நேரமெடுக்கும்.

தூள்தான் கிடைத்தது என்றால் அதற்கும் ஒரு சோதனை உண்டு, நம் வீட்டு ஆரத்தித் தட்டிலிருந்து வருவது. மஞ்சள் தூளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், எல்லாருக்கும் தெரியும், அது மஞ்சளில் உள்ள குர்குமினின் குணம். பெர்பெரின் அப்படிச் சிவக்காது. கொஞ்சம் தூளை எதனோலில் ஊறவைத்து, வடிதாளில் ஒரு சொட்டு விட்டு, காய்ந்தபின் சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு சொட்டு அதன்மேல் விடுங்கள். செங்கபில நிறம் வந்தால் யாரோ கறி மஞ்சளைக் கலந்திருக்கிறார்கள். பிறகு, கள்ள நோட்டுப் பார்க்கும் கழியூதா டோர்ச்சை வெனிவெல் சொட்டின்மேல் அடித்துப் பாருங்கள், இருட்டில் எலுமிச்சை மஞ்சளாக ஒளிரும். ஆனால் குர்குமினும் ஒளிரும் என்பதால் டோர்ச்சை மட்டும் நம்பவேண்டாம், சுண்ணாம்பும் சேர்ந்தால்தான் சாட்சி.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. இந்திய நூல்களில் தாருஹரித்ரா என்று வருவது பெரும்பாலும் பெர்பெரிஸ் அரிஸ்டேட்டா என்ற வேறு செடி. அதிலும் பெர்பெரின் இருக்கிறது, ஆனால் செடி வேறு, கூட இருக்கும் சேர்வைகள் வேறு. எனவே ஆய்வேட்டில் எழுதுமுன் செடியை உறுதிப்படுத்தியே ஆகவேண்டும். பேராதனைத் தாவரவியல் பூங்காவில் உள்ள தேசிய ஹெர்பேரியத்திலோ (உலர்த்திய செடிகளின் சேகரிப்பு), நாவின்னவில் உள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவனத்திலோ காட்டுங்கள். கட்டையை மட்டும் கொண்டுபோனால் போதாது, இலையோடு ஒரு கிளையும் வேண்டும். அகலமான இலை, அடிப்பக்கம் சாம்பல் வெள்ளையாக மெல்லிய மயிரோடு இருக்கும். தாளில் அழுத்திக் காயவைத்து, எங்கே எப்போது எடுத்தது என்று எழுதி, ஓர் எண் வாங்கி வையுங்கள். கடைக் கட்டையிலும் ஒரு துண்டைத் தனியே எடுத்து வைப்பது நல்லது, மூன்று வருடம் கழித்து யாராவது கேட்பார்கள்.

இதோடு ஒன்று சொல்லவேண்டும். வெனிவெல் நம் ஈரவலயக் காட்டுக் கொடி, மிக மெதுவாகத் தடிக்கும், அடியோடு வெட்டினால் அந்தக் கொடி போனது போனதுதான். சிங்கராஜக் காட்டுப் பக்கம் போய் வெட்டிக்கொண்டு வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது குற்றம். ஒதுக்கக் காடுகளில் எதை எடுக்கவும் அனுமதி வேண்டும், நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு இன்னும் கூடுதலாக. நூறு கிராம் போதும் என்றால் நூறு கிராம்தான் வாங்குங்கள்.

காயவைப்பதும் அரைப்பதும்

கொழும்பில் மேயிலிருந்து ஜூன் வரையும், பிறகு ஒக்டோபர் நவம்பரிலும் காற்றே ஈரம். வெயிலில் காயும் என்று மொட்டை மாடியில் பரப்பினால் மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடித்திருக்கும். அந்தப் பூஞ்சணமும் தன் பங்குக்கு நுண்ணுயிர்களைக் கொல்லும் சேர்வைகளைச் செய்யக்கூடியது, கடைசியில் நீங்கள் செடியின் மருந்தைக் கண்டுபிடித்தீர்களா பூஞ்சணத்தின் மருந்தையா என்று தெரியாமல் போகும். சில்லுகளாகச் சீவி, 40 பாகை செல்சியசில் உலர்த்தியில் வைத்து, தினமும் நிறுத்துப் பாருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது.

அரைப்பதற்கு மசாலா மில்லுக்குக் கொண்டுபோகவே கூடாது. மில்லுக்குள் முன்பு அரைத்த மஞ்சளும் மிளகாயும் ஒட்டிக்கொண்டிருக்கும், குர்குமினும் கப்சைசினும் இரண்டுமே உயிரணுக்களில் வேலை செய்கிற சேர்வைகள். ஆய்வுகூட அரைப்பான் இல்லையென்றால் சுத்தமான இரும்பு உரலில் இடித்துச் சலிக்கலாம், கை வலிக்கும், ஆனால் நம்பிக்கையாக இருக்கும். மாவாக வேண்டாம், ரவை பருமன் போதும். மாவானால் வடிகட்டும்போது தாள் அடைத்துக்கொள்ளும்.

சாறெடுத்தல்

நூறு கிராம் ரவையை முதலில் ஹெக்சேனில் ஒரு நாள் ஊறவைத்து வடித்துவிடுங்கள், எண்ணெய், மெழுகு போன்றவை அதில் போகும். ஹெக்சேன் சாற்றையும் ஆவியாக்கி, நிறுத்து, சிறு குப்பியில் பெயரிட்டு வையுங்கள். கொட்டக் கூடாது என்று சொன்னேன் அல்லவா. பிறகு ரவையைக் காற்றில் உலரவிட்டு, மெதனோலில் அரை லீற்றர் வீதம் மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஒரு நாள், அறை வெப்பத்தில் ஊறவைத்து வடியுங்கள். முதல் தடவை வடிவது கடும் தேநீர் நிறத்துக்கு மேலே போகும், மூன்றாவது தடவை வெளிறிய மஞ்சளாக வரும். அப்போதும் கடும் மஞ்சள் என்றால் நான்காவது தடவையும் ஊறவையுங்கள், மூன்று என்பது யாரும் எழுதிவைத்த சட்டம் அல்ல.

கரைப்பானைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பச் சாறெடுக்கும் சோக்ஸ்லெட் கருவியில் போட்டால் சீக்கிரம் முடியுமே என்று கேட்பார்கள். பெர்பெரின் சூடு தாங்கும், இதற்குப் பரவாயில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத செடிக்கு முதல் தடவையே கொதிக்கவைப்பது சரியில்லை. சீனாவின் தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடியபோது கொதிநீர்ச் சாற்றில் நம்பகமான பலன் கிடைக்கவில்லை. பழைய வைத்திய நூலில் அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததைக் கவனித்து, 1971இல் கொதிநிலை குறைந்த ஈதரில் சாறெடுத்தபிறகுதான் ஆர்டெமிசினினுக்கு வழி திறந்தது, 2015இல் நோபல் பரிசும் வந்தது. வைத்தியர் அவிக்கச் சொன்னாரா, ஊறவைக்கச் சொன்னாரா, தேனில் குழைக்கச் சொன்னாரா என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை, கரைப்பானைத் தெரிவு செய்வதற்கான முதல் துப்பு அது. ஆனால் ஒன்று, ஈதரின் கொதிநிலை 34.6 பாகை. ஏசி இல்லாத கொழும்பு ஆய்வுகூடத்தில் மார்ச் மாத மத்தியானம் போத்தல் மூடியைத் திறந்தாலே சீறும். இங்கே அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மெதனோலை ரொட்டவேப்பில் (குடுவையைச் சுழற்றி வெற்றிடத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) 40 பாகைக்கு மேல் போகாமல் ஆவியாக்குங்கள். இங்கே நம் ஊர்ப் பிரச்சினை ஒன்று வரும். ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் ஒடுக்கிக்குள் ஓடும் குழாய்த் தண்ணீர் குளிர்ந்த நாட்டுக்காரர்கள் எழுதிவைத்தபடி இராது, வெதுவெதுப்பாகவே வரும், அதனால் மெதனோல் ஆவியில் ஒரு பங்கு ஒடுங்காமல் பம்பு வழியாக வெளியே போய்விடும். இன்னும் குறைந்த சூட்டில் கொதிக்கும் டைகுளோரோமீதேன் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரும் ஐஸும் போட்டு, மீன்தொட்டிக்கு விற்கிற சின்ன மோட்டாரை அதற்குள் அமிழ்த்தி, அதிலிருந்து ஒடுக்கிக்குக் குழாய் கொடுத்தால் வேலை நடக்கும். தண்ணீரும் வீணாகாது. 2022இல் மின்வெட்டு நேரங்களில் நாங்கள் படித்த இன்னொரு பாடம்: மின்சாரம் போனவுடன் வெற்றிடத்தை மெதுவாகத் திறந்து குடுவையைக் கழற்றிவிடுங்கள், திரும்ப வரும்வரை அப்படியே விட்டால் பம்பின் தண்ணீர் உள்ளே ஏறும்.

கிடைத்த பிசினை நிறுத்து எழுதுங்கள். இனிமேல்தான் கணக்கு தொடங்குகிறது.

இரண்டு கணக்குகள்

எடைக் கணக்கு சுலபம். பத்து கிராம் சாற்றைப் பிரித்தால் பகுதிகளின் மொத்தம் பத்து கிராமுக்குப் பக்கத்தில் வரவேண்டும். ஏழுதான் வந்தது என்றால் மூன்று கிராம் எங்கோ தங்கியிருக்கிறது, நிரலின் (சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாய்) தலையில், வடிதாளில், அல்லது சிங்கில். கூடுதலாக வந்தால் கரைப்பான் முழுதாகப் போகவில்லை.

செயற்பாட்டுக் கணக்கைப் பலர் போடுவதில்லை. பக்டீரியாவைத் தடுக்கும் குணத்தைத் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், வெனிவெல் தண்ணீரில் புண் கழுவுகிற பழக்கம் உண்டு என்பதால் புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டெஃபிலோகொக்கஸ் ஒரியஸ் என்ற பக்டீரியா பொருத்தமான இலக்கு. பக்டீரியா வளர்க்கும் அகார்க் கூழில் துளையிட்டுச் சாறு ஊற்றி, பக்டீரியா வளராத வட்டத்தை அளப்பது முதல் பார்வைக்கு மட்டும் போதும். வட்டம் பெரிதென்றால் செயற்பாடு அதிகம் என்று நினைப்பது தவறு, அகாரில் சுலபமாகப் பரவுகிற சேர்வை பெரிய வட்டம் போடும், வீரியமுள்ளதும் பரவாவிட்டால் சின்ன வட்டம்தான். 96 குழித் தட்டில், முல்லர் ஹின்டன் என்ற வளர்ப்புத் திரவத்தில், மில்லிலீற்றருக்கு 5 இலட்சம் உயிரணு அளவில் போட்டு, சாற்றை இரண்டிரண்டாக ஐதாக்கி, 35 பாகையில் 16 முதல் 20 மணி நேரம் வைத்து, வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைப் பாருங்கள். இதை நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் மேற்பார்வையோடுதான் செய்யவேண்டும், வீட்டில் வேண்டாம்.

வளர்ச்சி தெரிய ரெசசூரின் என்ற சாயம் விடுவோம், உயிர் இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும். வெனிவெல் சாறு மஞ்சள் என்பதால் நீலத்தோடு சேர்ந்து பச்சையாகத் தெரியும், சிவப்போடு சேர்ந்து செம்மஞ்சளாகும், முதல் தட்டைப் பார்த்து நான் திகைத்தே போனேன். பக்டீரியா இல்லாமல் சாறு மட்டும் போட்ட குழிகளை ஒரு வரிசையாகப் பக்கத்தில் வையுங்கள், அதோடு ஒப்பிட்டுத்தான் படிக்கவேண்டும். கரைக்கப் பயன்படுத்திய டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள குழியும், பக்டீரியாவைக் கொல்லும் மருந்தான ஜென்டமைசின் போட்ட குழியும் கட்டாயம் வேண்டும்.

இப்போது கணக்கு. சாற்றின் எடையைத் தடுக்கும் செறிவால் வகுத்துப் பாருங்கள். ஓர் உதாரணம் போடுகிறேன், எண்கள் புரிவதற்காக மட்டும்: 8,000 மில்லிகிராம் சாறு, தடுக்கும் செறிவு மில்லிலீற்றருக்கு 0.5 மில்லிகிராம் என்றால் 16,000. அதாவது இந்தச் சாற்றை 16 லீற்றர்வரை ஐதாக்கினாலும் பக்டீரியா வளராது. அதிலிருந்து பிரித்த சேர்வை 1,500 மில்லிகிராம், தடுக்கும் செறிவு 0.125 என்றால் 12,000. நான்கில் மூன்று பங்கு கையில் இருக்கிறது, மீதி 4,000 ஏதோ ஒரு குப்பியில் இருக்கிறது என்று தெரிகிறது. இன்னொரு தடவை பிரிக்கும்போது, சேர்வையோடு எல்லாக் குப்பிகளையும் சோதித்துக் கூட்டினாலும் 5,000தான் வருகிறது என்றால் இரண்டில் ஒன்று: ஏதோ சிதைந்துவிட்டது, அல்லது தனித்தனியே செயற்படாத இரண்டு பொருட்கள் சேர்ந்திருந்தபோது செயற்பட்டன.

இரண்டாவது சும்மா சொல்வதல்ல, பெர்பெரினிலேயே நடந்த கதை. பக்டீரியா பெர்பெரினை உள்ளே வந்தவுடன் பம்பு மாதிரி ஒரு புரதத்தால் வெளியே தள்ளிவிடும், அதனால் தனிப் பெர்பெரின் அவ்வளவு வீரியமானதாகத் தெரியாது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் பெர்பெரின் உள்ள இன்னொரு செடியான பெர்பெரிஸ் ஃபிரெமோன்டியை ஆராய்ந்தபோது, 5'-மெதொக்சிஹைட்னோகார்பின் என்ற இன்னொரு சேர்வை அந்தப் பம்பை அடைத்து வைக்கிறது என்று கண்டார்கள். அது தனியாக எந்தப் பக்டீரியாவையும் கொல்லாது. வழக்கமான முறையில் சோதித்தால் "செயற்பாடு இல்லை" என்று எழுதிக் கொட்டியிருப்பார்கள். ஆகவே கணக்கு குறைந்தால் பகுதிகளை இரண்டிரண்டாகத் திரும்பச் சேர்த்துச் சோதியுங்கள், அலுப்பான வேலைதான், செய்தே ஆகவேண்டும்.

தேடாதது கிடைப்பதும் உண்டு. 1950களில் கனடாவில் நோபிளும் பீரும் நித்தியகல்யாணி நீரிழிவைக் குறைக்குமா என்று எலிகளில் பார்த்தார்கள், சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. அதைக் குறித்துவைத்தபடியால்தான் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற சேர்வை வெளியே தெரிந்தது, பிறகு அது புற்றுநோய் மருந்தானது.

ஏன் குளோரோபோமுக்கு வரவில்லை

சாதாரண அல்கலொயிட்டின் நைதரசன் அமிலத்தில் ஏற்றம் பெறும், காரத்தில் ஏற்றத்தை இழக்கும். ஏற்றம் போனால் குளோரோபோமுக்குத் தாவும். குயினைன் அப்படி, மோர்பினும் ஓரளவு அப்படி. பெர்பெரினின் நைதரசன் நான்கு பிணைப்புகளோடு நிரந்தரமாக நேரேற்றம் கொண்டது, அமோனியா விட்டாலும் அந்த ஏற்றம் போகாது. தண்ணீரைவிட்டு அது நகரவும் நகராது. நான் கொட்டியது அதைத்தான். இன்னும் மோசம், காரத்தில் குளோரோபோமோடு நீண்ட நேரம் இருந்தால் பெர்பெரின் குளோரோபோமையே பிடித்துக்கொண்டு செடியில் இல்லாத ஒரு புதுச் சேர்வையாகும், அசிற்றோனோடும் அப்படியே. அதைப் பிரித்து "புதிய அல்கலொயிட்" என்று எழுதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, இந்தக் குணத்தையே நமக்குச் சாதகமாக்கலாம். பெர்பெரின் குளோரைட்டு கொதிநீரில் நன்றாகக் கரையும், குளிர்ந்த தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும், குளோரைட்டு அயன் கூடினால் இன்னும் குறையும். மெதனோல் சாற்றை 5 வீத அசற்றிக் அமிலம் கலந்த வெந்நீரில் கலக்கிச் சூடாகவே வடியுங்கள், பிசினெல்லாம் தாளில் தங்கும். வடிந்த தெளிவான திரவத்தில் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்தைப் புகைக்கூண்டுக்குள் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். ஒரு கட்டத்தில் திரவம் கலங்கும். அங்கே நிறுத்தி, இன்னும் கொஞ்சம் மட்டும் விட்டு, ஐஸில் வைத்து, பிறகு இரவு முழுக்க பிரிட்ஜில் அசைக்காமல் விடுங்கள்.

காலையில் முகவையைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அடியில் கடுகுப்பூ நிறத்தில் ஊசி ஊசியாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, காற்றுக்கு நெற்கதிர் சாய்ந்த மாதிரிப் பளிங்குகள் கிடக்கும். இரண்டாம் தடவை செய்து அதைப் பார்த்த காலையில் ஆய்வுகூடத்து அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சொன்னது, "தங்கச்சி, மேல்தண்ணிய கொட்டிராதீங்க." வடித்து, ஐஸ் தண்ணீர் கொஞ்சத்தால் மட்டும் கழுவி, கொதிக்கும் எதனோலில் மீள்பளிங்காக்குங்கள். கழுவும் தண்ணீர் குளிராக இல்லாவிட்டால் உங்கள் விளைச்சல் கண்முன்னே கரைந்து போகும்.

சுத்தமா என்று பார்ப்பது

சிலிக்கா பூசிய தட்டில் டி.எல்.சி. போடுங்கள், அதாவது ஒரு சொட்டு வைத்துக் கரைப்பானை ஏறவிட்டுச் சேர்வைகளைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரியுங்கள், பியூட்டனோல், அசற்றிக் அமிலம், தண்ணீர் 7:1:2 என்ற கலவை இதற்கு நன்றாக வரும். தட்டைப் போடுமுன் 105 பாகையில் அரை மணி நேரம் சூடாக்குங்கள், நம் ஊர் ஈரத்தைச் சிலிக்கா உறிஞ்சி வைத்திருக்கும், அதனால் நேற்று பாதி உயரத்தில் நின்ற புள்ளி இன்று மேலே ஓடும். உண்மையான பெர்பெரின் மாதிரி ஒன்றைப் பக்கத்திலேயே வைத்து ஓட்டினால் இந்தத் தொல்லை இல்லை. 365 நனோமீற்றர் விளக்கில் பார்த்து, பிறகு அல்கலொயிட்டைக் காட்டும் டிராகன்டோர்ஃப் கரைசலைத் தெளித்தால் செம்மஞ்சளாகும்.

ஒரே புள்ளி என்றால் நல்லது. பக்கத்தில் இன்னொரு மஞ்சள் ஒட்டிக்கொண்டு வந்தால் அது பால்மட்டினோ ஜட்ரோரைசினோ. அப்போது நிரல் வேண்டும், பேச்சில் நாங்கள் கொலம் என்போம். சேர்வையின் எடையைப்போல் முப்பது முதல் ஐம்பது மடங்கு சிலிக்கா, குளோரோபோமில் மெதனோலை 5 வீதத்திலிருந்து மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். இங்கே காரம் எதுவும் சேர்ப்பதில்லை, அதனால் முன்பு சொன்ன குளோரோபோம் பயம் இல்லை. வெடிப்பில்லாமல் நிரப்புவதுதான் முழு வித்தை. மஞ்சள் பட்டை கோணலாக இறங்கினால் நிறுத்தித் திரும்ப நிரப்புங்கள், பொறுத்துப் பார்ப்போம் என்று விட்டால் நாள் முழுக்க வீண். குளோரோபோம் கழிவு தனிப் போத்தலில் போகவேண்டும், சாக்கடைக்கு அல்ல.

பிறகு நிறமாலை. மூலக்கூறின் எடையைக் காட்டும் திணிவு நிறமாலையில் பெர்பெரின் 336, ஜட்ரோரைசின் 338, பால்மட்டின் 352. ஐதரசன்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் புரோட்டன் என்.எம்.ஆரில், டிஎம்எஸ்ஓவில் கரைத்துப் பார்த்தால், 6.17க்குப் பக்கத்தில் இரண்டு ஐதரசனுக்கு ஒரு தனிக் கூர் இருந்தால் அது பெர்பெரினின் மெதிலீன்டயொக்சி வளையம், பால்மட்டினில் அது இராது, பதிலாக நான்கு மெதொக்சிக் குழுக்கள். 9.9 அருகே தனியாக நிற்கும் கூரையும் பாருங்கள். திணிவு நிறமாலையில் 391 என்று ஒன்று வந்தால் உற்சாகப்பட வேண்டாம். அது பெரும்பாலும் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேற்று. ரப்பர்க் குழாய், மலிவான கரைப்பான் கான், பிளாஸ்டிக் மூடி எதிலிருந்தும் வரும். சேர்வை தொடும் எல்லாமே கண்ணாடியாக இருக்கவேண்டும், கரைப்பானை ஒரு தடவை வடித்தெடுத்துப் பாவியுங்கள்.

பிரித்த பெர்பெரினை யாரும் மருந்தாக உட்கொள்ளவேண்டாம், நீங்களும் வேண்டாம், ஆசையாகக் கேட்கும் உறவினருக்கும் வேண்டாம். ஆய்வுகூடக் கரைப்பான் மிச்சம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பெர்பெரின் இரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்திலிருந்து, காமாலையின் மஞ்சள் நிறப்பொருளான பிலிருபினைப் பெயர்க்கும், பிறந்த குழந்தைக்கு மஞ்சட்காமாலை மூளையைத் தாக்கும் அளவுக்குப் போகலாம், கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தொடக்கூடாது. வேறு மருந்துகளை உடல் சிதைப்பதையும் அது தடுக்கும், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க சைக்ளோஸ்போரின் எடுக்கும் நோயாளிக்கு அந்த மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும்.

பளிங்கை நிறுத்து, பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, திகதியும் செடியின் எண்ணும் எழுதி, இருட்டில் வையுங்கள். பளிங்கை எடுத்தபின் நின்ற மேல்தண்ணீரை அரைவாசிக்கு வற்றவைத்து, மூடி, திரும்ப பிரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் அடியில் இன்னொரு படை ஊசிகள் இருக்கும், முதல் படையைவிடக் கொஞ்சம் மங்கல், அதையும் வடித்து, நிறுத்து, வேறு குப்பியில்.